சீட்டில் ஒரு மில்லிமீட்டர்

ஒன்றா மூன்றா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்றுதான் சவரிமுத்து நினைத்துக்கொண்டிருந்தார். கேட்காததைத் தானாக எப்படிச் சொல்வது, சுவரோரம் நிற்கிற ஆள் திடீரென்று வாயைத் திறந்தால் எல்லாத் தலையும் திரும்புமே, திரும்பிய தலைகளுக்கு முன்னால் எங்கே போய் நிற்பது. இருபத்தாறு வருடமாகப் புதன்கிழமை தவறாமல் இதே சுவரோரம் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார். தட்டில் பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் பெயரும் தேதியும். அரசுப் பல் மருத்துவக் கல்லூரியின் மூன்றாம் மாடி அறை இது. ஏசி இருக்கிறது, ஓடாது. வாரம் ஒருமுறை ஐந்து துறை டாக்டர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிக்கலான குழந்தைகளைப் பற்றிப் பேசி முடிவெடுப்பார்கள். அறுவை சிகிச்சை செய்கிறவர், குழந்தைப் பல் பார்க்கிறவர், பல்வரிசையைச் சீராக்குகிறவர், எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவர், எக்ஸ்ரே படிக்கிறவர். கூட்டுச் சிகிச்சை என்று பெயர். இந்த ஐந்து பேரோடு ஆறாவதாகச் சவரிமுத்துவை யாரும் எண்ணியதில்லை, அவரும் தன்னை எண்ணிக்கொண்டதில்லை. அவர் கீழ்த்தளத்து லேபில் டெக்னீஷியன். மேலே சீட்டில் எழுதுவார்கள், கீழே அவர் செய்து அனுப்புவார், அவ்வளவுதான் சங்கதி. அவருடைய நாக்கு இடதுபக்கக் கடைவாயில் பல் போன பள்ளத்தைத் தேடிப் போய்த் துழாவிக்கொண்டிருந்தது. ஊரிலிருக்கிறவர்களுக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிறவருக்குத் தன் வாயில் ஒரு பல் கட்டிக்கொள்ள ஆறு வருடமாக நேரமில்லை. அதைச் சொல்லி அவர் மனைவி சிரிக்காத நாள் இல்லை.

குழந்தைப் பல் டாக்டர் மெஹருன்னிசா எழுந்துபோய் எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் செருகினார். மெல்லிய குரல் அந்த அம்மாவுக்கு, அதனால் எப்போதும் பாதி வாக்கியத்தில் யாராவது குறுக்கிடுவார்கள். "தனுஷியா, ஒன்பது வயசு. சாத்தூர்ப் பக்கம். போன தை மாசம் வந்த குழந்தை சார்." அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் கனகசபை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தெரியுதும்மா, ஜன்னல் வச்ச கேஸ்தானே" என்றார். ஜன்னல் வைத்த கேஸ்தான். தாடையெலும்புக்குள்ளே நீர்க்கட்டி வளர்ந்தால் அதை ஒரேயடியாக வெட்டி எடுக்காமல், ஈறில் ஒரு சின்ன ஓட்டை போட்டு நீரை வடியவிடுவார்கள். உள்ளே அழுத்தம் குறையக் குறையக் கட்டி தானே சுருங்கும், சுற்றியிருக்கிற எலும்பு தானே வளர்ந்து வரும், உள்ளே மாட்டிக்கொண்ட பல்மொட்டுகள் தப்பித்துக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை. ஓட்டை மூடக் கூடாது. உலகத்தில் எல்லாப் புண்ணும் ஆறினால் நல்லது, இது ஆறினால் கெடுதல். ஆறாமல் பார்த்துக்கொள்ள அந்த ஓட்டையில் ஒரு கட்டை இருக்க வேண்டும். சுண்டுவிரல் நுனியளவு அக்ரிலிக் கட்டை, காளான் மாதிரி, தலை வெளியே காம்பு உள்ளே. அந்தக் கட்டையைச் செய்தவர் சவரிமுத்து. பலகையில் இப்போது வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது. வலது பக்கத்துக் கீழ்த்தாடையில் காதுக்குக் கீழே வரை அந்தக் கறுப்பு ஏறியிருந்தது, அதற்குள்ளே நாலு பல்மொட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அடியில் ஒதுங்கிக் கிடந்தன. தை மாதம் பார்த்த கறுப்பைவிட இது பெரிது. அவருக்குப் படம் படிக்கத் தெரியாது என்று டாக்டர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருபத்தாறு வருடம் பார்த்தால் எருமைமாட்டுக்குக்கூடப் படிக்கத் தெரியும்.

தட்டில் தனுஷியாவின் தாடை அஞ்சு இருந்தது. தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளை வந்து வாயில் அச்செடுத்துவிட்டுப் போகும், அவர் பிளாஸ்டர் ஊற்றி எடுப்பார். தையில் ஈறு பருத்துத் தொங்கும், மாசியில் கொஞ்சம் வற்றியிருக்கும், பங்குனியில் கன்னத்துப் பக்கம் வீக்கம் இருந்த இடம் தெரியாது. வைகாசியில், நன்றாகச் சுருங்கிவிட்டது என்று அடுத்த தேதியை மூன்று மாதம் தள்ளி ஆவணியில் கொடுத்தார்கள், அந்தத் தேதிதான் இன்றைக்கு. அஞ்சையும் வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்தால் ஒரு நோய் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை விட்டுக் கிளம்புவது மாதிரி இருக்கும், அவரே லேபில் யாருமில்லாத நேரத்தில் அடுக்கிப் பார்த்திருக்கிறார், பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். பொதுவாக அவருக்கு நோயாளிகளின் முகம் தெரியாது. தாடை தெரியும், கடைவாய்ப் பல் தேய்ந்திருப்பது தெரியும், முகம் மேலேதான் இருக்கும். இந்தப் பிள்ளையை மட்டும் மெஹருன்னிசாம்மா லேபுக்கே அனுப்பிவிடுவார், கட்டையை ராவிக் குறைக்கும்போது அங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம் என்று. அதனால் பிள்ளையின் முகம் தெரிந்தது. அம்மா முருகேஸ்வரியின் முகம் தெரிந்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள், புருஷன் திருப்பூரில். மூன்று பஸ் மாறி வருவாள். ஒருநாள் பொழுதுக்கு மூன்று தடவை கட்டையைக் கழற்றி, ஊசியில்லாத சிரிஞ்சில் உப்புத்தண்ணீர் பீச்சி உள்ளே கழுவி, கட்டையைக் கொதித்து ஆறிய தண்ணீரில் அலசித் திரும்ப மாட்ட வேண்டும். நாலு மாதம் ஒருவேளை விடாமல் செய்திருக்கிறாள், அது அவள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கட்டையைப் பார்த்தாலே தெரியும். கழுவாத கட்டை மஞ்சளாய் நாறும். அவள் கொண்டுவருகிற கட்டை அவர் கொடுத்தனுப்பிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும், தோடு வாங்கிய டப்பாவில் ரோஸ் காகிதம் விரித்து அதன்மேல் வைத்து எடுத்து வருவாள். பொறுப்பு என்றால் அது. அதை எங்கே போய்ச் சொல்ல, யாரிடம் சொல்ல, சொல்ல வேண்டியவர் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார்.

உள்ளே எலும்பு வளர்ந்து வர வர கட்டையின் காம்பு நீளத்தைக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதைக் கனகசபை சார் சீட்டில் எழுதி அனுப்புவார். மாசியில் இரண்டு மில்லிமீட்டர், பங்குனியில் இரண்டு, சித்திரையில் ஒன்று. வைகாசிச் சீட்டிலும் ஒன்று. ஒன்று என்றால் ஒன்று, அதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஆனால் அன்றைக்கு மணி பன்னிரண்டே முக்கால், பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. கட்டையை மாட்டினாலே அழுகை. "குத்துது அங்கிள், குத்துது அங்கிள்." ஒரு மில்லிமீட்டர் எடுத்து மாட்டினார், குத்துது. வாயைத் திறந்து காட்டியது, உள்ளே சிவந்திருந்தது, கண்ணீர் மூக்கு வழியாக வாய்க்குள்ளேயே இறங்கியது. மேலே போய்க் கேட்டிருக்கலாம். சார் அறைக்கு இரண்டு மாடி. ஆனால் மேலே போனால் சார் சாப்பாட்டு நேரம், கதவுக்கு வெளியே நிற்க வேண்டும், உள்ளே டிபன்பாக்ஸ் மூடுகிற சத்தம் கேட்கும்வரை நிற்க வேண்டும், நின்று கேட்டாலும் "சீட்டுல என்ன எழுதியிருக்கு" என்றுதான் பதில் வரும். அதற்குப் பயந்துதான் போகவில்லையா. பயம் மட்டும் இல்லை, இப்போது நினைக்கிறபோது நெஞ்சு கூசுகிறது, பயம் மட்டும் இல்லை. முருகேஸ்வரி பக்கத்தில் நின்றுகொண்டு, "அவங்க எழுதத்தானண்ணே செய்றாங்க, செய்றது நீங்கதான, ஒங்களுக்குத் தெரியாததா" என்றாள். அந்த வார்த்தை அவருக்கு இனித்தது. அம்பத்திநாலு வயதில் ஒரு ஆம்பளைக்கு இனிக்கக் கூடாத அளவுக்கு இனித்தது. மெஷினைப் போட்டார். சர்ரென்று தூள் பறந்தது, அக்ரிலிக் சூடாகிற புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. இன்னொரு மில்லிமீட்டர், இன்னொன்று. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தலைக்குக் கீழே உதடு மாதிரி ஒரு விளிம்பு விடுவார்கள், ஈறைப் பிடித்துக்கொள்வதே அதுதான், அதையும் வழவழவென்று உருட்டிவிட்டார். குத்தினது அதுதான் என்று அவருக்குத் தோன்றியது. மாட்டியதும் பிள்ளை அழுகையை நிறுத்திக்கொண்டு நாக்கால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. முருகேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பேனாவை எடுத்துச் சீட்டில் ஒரு மில்லிமீட்டர் குறைக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் சாப்பாடு ருசியாக இருந்தது. அது ஞாபகம் இருக்கிறது, கத்திரிக்காய்க் குழம்பு.

"தாடைய அமுக்கிப் பாத்தீங்களா? முட்டை ஓடு மாதிரி நொறுநொறுங்குது" என்று கனகசபை சார் சொல்லிக்கொண்டிருந்தார். "பயாப்சி என்ன சொல்லுது?" மைக்ராஸ்கோப் டாக்டர் தாளைப் பார்த்து, இது திரும்பத் திரும்ப வருகிற ரகம் என்றார். சவரிமுத்துவின் காது விடைத்தது. திரும்பத் திரும்ப வருகிற ரகம். அப்படியானால் கட்டை சரியாக இருந்திருந்தாலும் வந்திருக்குமோ. வந்திருக்கலாம். வந்திருக்கும். ரகமே அப்படி, அதற்கு அவர் என்ன செய்ய முடியும், மூன்று மில்லிமீட்டரா அதைத் தீர்மானிக்கப் போகிறது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் தொங்கினார். மெஹருன்னிசாம்மா விடவில்லை. "அந்த ரகமா இருந்தாலும் ஜன்னல் வேலை செஞ்சிருக்கு சார், நாலு மாசத்துல பாதிக்குமேல சுருங்கியிருக்கு, மாடல்ஸ் இருக்கு பாருங்க." சவரிமுத்து தட்டை நீட்ட வேண்டியதாயிற்று. தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. ஐந்து டாக்டரும் எடுத்துக் கைமாற்றிப் பார்த்தார்கள். "மறுபடி ஒரு தடவை ஜன்னல் வச்சுப் பாக்கலாம் சார். இப்ப ரிசெக்ஷன்னு தாடைய வெட்டி எடுத்தா நாலு பல்மொட்டும் போயிடும், நரம்பு போயிடும், தகடு வச்சாலும் தகடு வளராது, பிள்ளை வளரும்." அவ்வளவு நீளமாக அந்த அம்மா பேசி அவர் கேட்டதில்லை. கனகசபை சார் வைகாசித் தாடையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். கெட்டவர் இல்லை அந்த மனிதர். யோசித்தார், அது முகத்தில் தெரிந்தது. "ஜன்னல் நல்ல ட்ரீட்மென்ட்தாம்மா. ஆனா அத வீட்ல இருந்து பாக்கிறது நாம இல்ல. அந்த அம்மா பொறுப்பான ஆளா இருந்தா நான் இப்பவே சரின்னுருவேன். இவ கட்டையக் கழட்டி வச்சிட்டு ஓட்டை மூடற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. மறுபடி வச்சா மறுபடி கழட்டுவா. அப்ப தாடை தானா ஒடஞ்சிட்டுத்தான் வருவா. கூப்பிடுங்க, ஒரு தடவ கேட்டுருவோம்."

இப்போது சொல்லலாம். அவர் சட்டைப்பைக்குள் அந்தக் கட்டை இருந்தது. காலையில் லேப் வாசலில் முருகேஸ்வரி டப்பாவோடு கொண்டுவந்து கொடுத்தாள். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு வைகாசித் தாடையில் அதைப் பொருத்திப் பார்த்தார். லொடலொடத்தது. கவிழ்த்ததும் தானே விழுந்தது. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் இது நிற்காது என்று. தும்மினால் விழும், சோறு மென்றால் விழும், தூக்கத்தில் விழும், விழுந்து காலையில் தலையணைக்கடியில் தேடி எடுத்து மாட்டுவதற்குள் ஓட்டை கொஞ்சம் சுருங்கியிருக்கும், அடுத்தநாள் இன்னும் கொஞ்சம், ஒருநாள் கட்டை உள்ளே போகாது. அவ்வளவுதான், அதற்குமேல் நடந்ததற்கு யாரும் தேவையில்லை. மேசைக்கும் அவருக்கும் நாலு எட்டு. சார், ஒரு விஷயம். இதுதான் முதல் வாக்கியம். அடுத்தது, சார், கட்டை கொஞ்சம் சின்னதாப் போச்சு. அது எப்படித் தானாகச் சின்னதாகப் போகும், அக்ரிலிக் என்ன வெல்லமா கரைந்துபோக. சார், நான் கொஞ்சம் கூடுதலா ராவிட்டேன். எவ்வளவு? மூணு. சீட்டுல ஒண்ணுன்னு போட்டிருக்கே, இது யார் கையெழுத்து? இந்த இடத்தில் வந்து நினைப்பு நின்றது. பின்னால் போய் மறுபடி சார், ஒரு விஷயம் என்று கிளம்பியது, மறுபடியும் கையெழுத்தில் வந்து முட்டியது. வேலையா போய்விடும், போகாது. மெமோ கொடுப்பார்கள், விளக்கம் எழுதச் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை அவர் பயம். ஐந்து பேரும் திரும்பி, நீங்களா, என்று ஒரு பார்வை பார்ப்பார்களே. சவரிமுத்து செய்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று இத்தனை வருடம் சொன்ன வாய்கள். வெறும் பார்வை. ஒரு பார்வைக்குப் பயந்தா ஒரு பிள்ளையின் தாடையைக் கொடுப்பது என்று உள்ளேயிருந்து ஒன்று கேட்டது. ஆமாம் என்று அவரே பதில் சொன்னார். மனுஷன் எதற்கெல்லாம் பயப்படுகிறான் என்பதை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது. வாயில் எச்சில் இல்லை.

முருகேஸ்வரி உள்ளே வந்து கதவோரமே நின்றாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தாள், இது என்ன கோயிலா. பிள்ளையை வெளியே விட்டுவிட்டு வந்திருந்தாள். கனகசபை சார் கோபப்படாமல்தான் கேட்டார். "ஏம்மா, கட்டையக் கழட்டி வச்சீங்களா?" அவள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். மேசையைப் பார்த்தாள், தாடைகளைப் பார்த்தாள், சுவரோரம் அவரையும் ஒருமுறை பார்த்தாள், பார்த்தாளா அல்லது அவருக்குத்தான் அப்படித் தோன்றியதா. "ஆமா சார்" என்றாள். "எத்தன நாளு?" "நெறைய நாளு சார்." "ஓட்டை மூடக் கூடாதுன்னு சொன்னமா இல்லையா?" "சொன்னீங்க சார்." "அப்புறம் ஏம்மா? வாயில என்ன கொழுக்கட்டையா, சொல்லுங்க." "புண்ணு ஆறுதேன்னு சந்தோஷமா இருந்துச்சு சார். புத்தி கெட்டுப்போச்சு." மெஹருன்னிசாம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்தப் பிள்ளைக்காகப் பேச அறையில் இருந்த ஒரே ஆள் அந்த அம்மாதான், இப்போது அவரும் கையை விரித்துவிட்டார். பொய். இவள் சொல்வது பொய். ஆனியில் ஒரு திங்கட்கிழமை கட்டை நிற்கவில்லை என்று இவள் அலறியடித்துக்கொண்டு வந்ததும், கீழே ஓ.பி. சீட்டுப் போடுகிறவர், ஒங்க தேதிக்குத்தான் பாப்பாங்க, ஆவணியில வாங்க என்று திருப்பி அனுப்பியதும் அவருக்குத் தெரியும். அவரே லேப் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். கூப்பிட்டிருக்கலாம். அன்றைக்குக் கூப்பிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் புதுக்கட்டை. எதற்கு வந்திருக்கிறாள் என்று ஒரு யூகம் இருந்தது, அந்த யூகம் இருந்ததால்தான் கூப்பிடவில்லை. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கேஸ் ஷீட்டில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை. தலைகீழாக நின்று படித்தாலும் அவருக்கு அந்த வரி தெரியும், வாரத்துக்கு ஒரு ஷீட்டிலாவது எழுதுவார்கள். இதற்கு முன்னால் எழுதிய ஷீட்டுகளில் எத்தனை ஷீட்டில் அது நிஜம் என்று முதல்தடவையாகத் தோன்றியது. தோன்றி என்ன.

வலதுபக்கத் தாடையில் ஒரு துண்டை எடுத்துவிட்டுத் தகடு வைப்பது என்று முடிவாயிற்று. பதினேழாம் தேதி. பல்வரிசை டாக்டர், பதினெட்டு வயதுக்குப் பிறகு இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைக்கலாம், அதுவரை முகம் ஒருபக்கமாகக் கோணத்தான் செய்யும், வேறு வழியில்லை என்றார். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஒன்பதிலிருந்து பதினெட்டு. ஒன்பது வருடம். பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் வைப்பார்கள், கோணவாய் என்பார்கள், பிள்ளைகளுக்கு அதற்குமேல் யோசிக்கத் தெரியாது. கீழுதடு மரத்துப்போயிருக்கும், சாப்பிடும்போது சோறு ஒட்டியிருப்பது தெரியாது, யாராவது சொல்ல வேண்டும். வயசுக்கு வரும், கோணவாயோடு. பெரிய பிள்ளையாகிக் கண்ணாடி முன்னால் நிற்கும். அந்தக் கண்ணாடிக்குள் அவர் இருப்பார், பெயர் தெரியாமல் இருப்பார். மூன்று மில்லிமீட்டர் என்பது எவ்வளவு, ஒரு அரிசியில் பாதிக்குக் கொஞ்சம் கூட. சவரிமுத்துவுக்குக் கால் வலித்தது. முருகேஸ்வரி தேதி எழுதிய சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெளியே போனாள், கதவு அவள் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. அந்தக் கதவு சாத்துகிற நேரத்தில்தான் அவருக்குக் கால் வந்தது. தட்டை ஓரமேசையில் வைத்தார். யாரும் கவனிக்கவில்லை, டீ வந்திருந்தது. முதலில் அவளிடம் சொல்வோம். அவளிடம் சொல்லிவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தால் தைரியம் இருக்கும். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தார்.

வராந்தாவில் அவள் சீட்டை மடித்துப் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை சற்றுத் தள்ளி எடை மெஷின்மேல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பக்கவாட்டில் பார்க்கும்போது கன்னம் தனியாகத் தெரிந்தது.

"முருகேஸ்வரி, ஒரு நிமிசம்மா."

"சொல்லுங்கண்ணே."

"அந்தக் கட்டை விழுந்தது ஒங்க தப்பு இல்லம்மா. அன்னைக்கு நான்..."

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"நீங்க நெறைய ராவிட்டீங்கன்னு. அன்னைக்குப் பஸ்ல போறப்பவே ஆடுச்சு. அதுக்கு முன்னால ஒருதடவகூட ஆடல."

 "அப்ப உள்ள ஏம்மா சொல்லல? சார் கேட்டாருல்ல?"

அவள் மூடிய கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "சொன்னா என்னண்ணே ஆகும்? எங்க தப்புன்னா ரெண்டு வார்த்த வஞ்சிட்டு வைத்தியம் பாப்பாங்க. ஆஸ்பத்திரித் தப்புன்னு ஆயிட்டா அப்புறம் எங்களப் பாத்தாலே அவங்களுக்குப் பிடிக்காது. மெட்ராசுக்குக் கொண்டுபோன்னு எழுதிக் குடுத்துருவாங்க. நான் இவளக் கூட்டிக்கிட்டு எங்கண்ணே போவேன்? இப்பத்தான் தேதியே குடுத்திருக்காங்க."

"இல்லம்மா, அது அப்பிடி இல்ல. நான் போய்ச் சொன்னா மறுபடி கட்டை வைக்க யோசிப்பாங்க. தாடைய எடுக்காம..."

"யோசிப்பாங்களா, வச்சுருவாங்களா?"

"யோசிப்பாங்க" என்றார் சவரிமுத்து.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "வேணாம்ணே. யோசிக்கிறதுக்குள்ள தேதி போயிரும். ஏற்கெனவே இவ அப்பா போன்ல என்னையத் திட்டித் தீத்துட்டாரு, அதுவும் முடிஞ்சிபோச்சு. நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க. ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்." பிளாஸ்டிக் கவரோடு சேர்த்துக் கையைக் கூப்பினாள்.

அப்போது அவருக்குள் ஒன்று நடந்தது. வெயிலில் அலைந்துவிட்டு வந்து முதல் மடக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி நெஞ்சு முழுக்கக் குளிர்ந்தது. அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியை அடையாளம் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு நொடி ஆயிற்று, தெரிந்ததும் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இதற்குத்தான் வெளியே வந்திருக்கிறார். சொல்வதற்கு இல்லை, இவள் வேண்டாம் என்று சொல்லக் கேட்பதற்கு. இல்லம்மா, நான் சொல்லத்தான் போறேன் என்று ஒருவார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவள் வேண்டாம் என்றால்கூடச் சொல்லியிருக்கலாம், பெற்றவள் பயந்தால் பயப்படட்டும், அவருக்கென்ன, உள்ளே நடந்த பேச்சு முழுவதையும் கேட்டவர் அவர்தானே, மெஹருன்னிசாம்மா இன்னும் உள்ளேதானே இருக்கிறார், டீகூட இன்னும் ஆறியிருக்காது. எல்லாம் தெரிந்தது. தெரிந்துகொண்டே தலையசைத்தார். பிள்ளை எடை மெஷினிலிருந்து அவரைப் பார்த்துக் கையாட்டியது. அவரும் ஆட்டினார், கை தானாகவே ஆடியது.

"உள்ள போங்கண்ணே, தேடப் போறாங்க" என்றாள் முருகேஸ்வரி.

உள்ளே போனார். டீ குடித்து முடித்திருந்தார்கள். கனகசபை சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தட்ட வச்சிட்டு எங்கய்யா போனீங்க, அடுத்த கேஸ் மாடலத் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார். ஐந்து தலையும் திரும்பின. கேட்டேவிட்டார். என்ன சொல்வது என்று சவரிமுத்து யோசிக்கவில்லை, சத்தியமாக யோசிக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது.

"அந்தப் பிள்ளையோட அம்மாகிட்ட ரெண்டு வார்த்த புத்தி சொல்லிட்டு வந்தேன் சார். இனிமேலாவது பொறுப்பா இருன்னு."

"நல்லாச் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

"சொல்லணும். நாம சொன்னா அவங்களுக்கு உறைக்காது, ஒங்கள மாதிரி ஆளுக சொன்னாத்தான் உறைக்கும்" என்று சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மெஹருன்னிசாம்மா பலகையிலிருந்து தனுஷியாவின் படத்தை உருவி உறைக்குள் போட்டார். அடுத்த படத்தைச் செருகினார்கள். ஆறு வயது, மேல்தாடை. சவரிமுத்து அந்த மாடலைத் தேடி எடுத்து மேசைக்கு நீட்டினார்.